ஏழாம் நம்பருக்கு வைத்த இட்லி

அன்று காலை லாட்ஜ் மெஸ்ஸில் இருந்தவர்கள் இவ்வளவு பேர்.

மானேஜர். கல்லாவில் உட்கார வேண்டியவர், கையில் சாம்பார் வாளியோடு நின்றார்.

ஏழாம் நம்பர் அறைக்காரர். மதுரைப் பக்கம். கடை கடையாகப் போய் டைல்ஸ் ஆர்டர் பிடிப்பவர். முன்னால் தட்டு.

சமையல் சேச்சியின் மகள். நாலாம் வகுப்பு முடித்தவள். தண்ணீர் ஜக்கைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றாள்.

என் மகள். மூன்றாம் வகுப்பு முடித்தவள். கை கழுவும் இடத்துக்குப் பக்கத்தில்.

நான். மாடி கூட்டிவிட்டு அப்போதுதான் உள்ளே வந்தேன்.

சமையல் சேச்சி இல்லை. தேங்காய் வாங்க எதிர்க்கடைக்குப் போயிருந்தாள். அவள் இருந்திருந்தால் எழுத ஒன்றும் இருந்திருக்காது.

தட்டில் வெள்ளையாக, வட்டமாக நாலு இருந்தன. அவை இட்லி இல்லை. எப்படி அங்கே வந்தன என்று முதலில் இருந்து சொல்கிறேன்.

லாட்ஜ் தம்பானூரில். பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருக்கிற சந்தில். பெரிய லாட்ஜ் இல்லை. நான் அங்கே அறை பார்க்கிறவன். விரிப்பு மாற்றுவேன். குளியலறை கழுவுவேன். சோப்பும் துண்டும் வைப்பேன். சொந்த ஊர் நாகர்கோவில் பக்கம். கரமனையில் ஒரு அறை எடுத்துக் குடியிருக்கிறோம். மனைவி பழவங்காடியில் ஒரு துணிக்கடையில் நிற்கிறாள். காலையில் கிளம்பினால் இருட்டிய பிறகுதான் வீடு.

பள்ளி நாட்கள் எப்படியோ ஓடிவிடும். ஏப்ரல், மே இரண்டு மாதம்தான் இடிக்கும். மகளை எங்கே விடுவது?

போன வருஷம் ஊரில் என் அக்கா வீட்டில் விட்டோம். அக்கா நல்லவள். ஆனால் பிள்ளை இல்லாத வீடு. சத்தம் ஆகாது. ஓடினால் ஆகாது. சுவரில் சாய்ந்தால் சுண்ணாம்பு போகும். மே கடைசியில் போய்க் கூட்டி வந்தேன். பஸ்ஸில் மகள் என்னைப் பார்த்து, "நீங்க டீ குடிச்சீங்களா?" என்று கேட்டாள். அதுவரை நான் அவளுக்கு 'நீ'தான். அந்த 'நீங்க' போக ஒரு வாரம் ஆனது.

இந்த வருஷம் பரீட்சை முடியும் முன்னாலேயே சொல்லிவிட்டாள்.

"நான் அத்த வீட்டுக்குப் போவ மாட்டேன். உன் கூட லாட்ஜுக்கு வாறேன்."

"அங்க பிள்ளைய விட மாட்டாங்க மக்ளே."

"கட்டிலுக்கு அடியில இருக்கேன். எத்தன கட்டில் இருக்கு! டெய்லி ஒண்ணு."

மானேஜரிடம் கேட்டேன். மானேஜர் மலையாளி. நல்ல மனிதர். வருஷம் முழுக்க ஜலதோஷம் உள்ளவர். எதைக் கேட்டாலும் முதலில் தும்முவார். தும்மினார்.

"ஓனர் அறியக் கூடாது. பின்ன, கெஸ்ட் வாயில இருந்து ஒரு கம்ப்ளெயிண்ட் வந்தா போதும். மோளு அடுத்த பஸ்ஸுக்கு நாகர்கோவில். ஷெரியா?"

"சரி."

என் மகளிடம் குனிந்தார். "மோளே, கேட்டல்லோ?"

"கேட்டு, அங்கிள்."

சமையல் சேச்சி முன்னமே தன் மகளைக் கூட்டி வந்துகொண்டிருந்தாள். அவளுக்கும் அதே சட்டம்தான். ஆனால் அவளை அனுப்பி வைக்க ஊர் எதுவும் இல்லை. அதனால் சட்டம் என் மகளை மட்டும்தான் கடிக்கும். இரண்டு பேருக்கும் அது தெரியும்.

முதல் நாள் கட்டிலுக்கு அடியில் எல்லாம் போய்ப் பார்த்தார்கள். மூன்றாம் நம்பரில் ஒரு சாக்ஸ் கிடைத்தது. இரண்டாம் நாள் போரடித்துவிட்டது. அன்று சாயங்காலம் மகளின் டீச்சர் வாட்ஸ்அப்பில் குரல் மெசேஜ் அனுப்பினார். பள்ளி மலையாளம் மீடியம். எனக்கு மலையாளம் பேச வரும், வாசிக்க வராது. அதனால் குரல் என்றால் எனக்கும் சௌகரியம்.

வெக்கேஷனில் ஒரு புராஜெக்ட் செய்து, பள்ளி திறக்கும் அன்று கொண்டுவர வேண்டும். என்ன செய்யலாம் என்றும் டீச்சரே சொன்னார். பயறு முளைக்க வைக்கலாம். பறவைக்குத் தண்ணீர் வைக்கலாம். இலை சேர்க்கலாம். வீணாகப் போகும் பொருளில் இருந்து உபயோகமான பொருள் செய்யலாம். காசு செலவழிக்கக் கூடாது. அப்பா அம்மா செய்து கொடுக்கக் கூடாது.

கடைசி இரண்டும் எனக்குப் பிடித்தது.

பயறில் ஆரம்பித்தார்கள். டீச்சர் சொன்னது ஈரப் பஞ்சில் நாலே நாலு பயறு. இவர்கள் யாருடையது நீளமாக வளரும் என்று பந்தயம் கட்டி ஆளுக்கு ஒரு கிண்ணம் ஊற வைத்தார்கள். ஈரத்துணி போட்டு மூடி சமையலறை ஜன்னலில் வைத்தார்கள். இரண்டாம் நாள் வால் விட்டது. மூன்றாம் நாள் காலை வந்து பார்த்தால் கிண்ணம் கழுவிக் கவிழ்த்திருந்தது. மெஸ்ஸில் புட்டும் பயறும்.

மகள் சமையலறை வாசலில் இடுப்பில் கை வைத்து நின்றாள். "மாமி, எங்க புராஜெக்ட் எங்க?"

"முளைச்சாச்சு அல்லே? பின்ன எதுக்கு வைக்கணும்? ஸ்கூல் திறக்கும்போ மரம் ஆகும்," என்றாள் சேச்சி. அடுப்பை விட்டுத் திரும்பவே இல்லை.

மகள் மெஸ்ஸில் எட்டிப் பார்த்தாள். ஏழாம் நம்பர் இரண்டாம் தடவை பயறு வாங்கிக்கொண்டிருந்தார்.

"பயறு நல்லாருக்கு," என்றார் அவளிடம்.

அன்று பஸ்ஸில் வீடு போகிற வரைக்கும் மகள் அவரைத்தான் திட்டினாள். "என் புராஜெக்ட்ட அந்த மாமா தின்னுட்டாரு."

அடுத்தது பறவை. மொட்டை மாடியில் உடைந்த பக்கெட்டின் அடிப்பாகத்தில் தண்ணீர் வைத்தார்கள். கிளி வரும், குயில் வரும் என்று தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் ஒளிந்து பார்த்தார்கள். வந்தது காக்கை. பக்கத்து ஹோட்டலில் இருந்து மீன் முள் கொண்டு வந்து அதில் ஊற வைத்துத் தின்றது. பிறகு இன்னும் நாலைந்து கூட்டாளிகளைக் கூட்டி வந்தது. தின்று முடித்ததும் எல்லாம் போய் உட்கார்ந்த இடம், நான் துவைத்துக் காயப்போட்ட வெள்ளை விரிப்பு.

நான் திரும்பத் துவைத்தேன். ஒரு முள்ளை மட்டும் பார்க்கவில்லை. அது ஐந்தாம் நம்பர் கட்டிலில் இருந்தது. ஐந்தாம் நம்பர் அதைக் கையில் பிடித்துக்கொண்டு கீழே இறங்கினார். மகள் படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இவிடெ மத்ஸ்யம் கிட்டுமோ?" என்று மானேஜரிடம் கேட்டார் அவர். இங்கே மீன் கிடைக்குமா என்று.

"உச்சைக்கு உண்டு, சாரே," என்றார் மானேஜர். மத்தியானம் உண்டு என்று.

அவ்வளவுதான். அது கம்ப்ளெயிண்ட் இல்லை. அன்றே தண்ணீர் வைப்பது நின்றது. எப்படியும் காக்கையைப் பையில் போட்டுப் பள்ளிக்குக் கொண்டு போக முடியாது.

பிறகு இலை. தம்பானூர் சந்தில் என்ன இலை இருக்கும்? சேச்சியிடம் கறிவேப்பிலை, முருங்கை இலை. டீக்கடைக்காரர் கொடுத்த வெற்றிலை. மானேஜர் சாமி படத்தில் இருந்து உதிர்ந்த துளசி. பழைய கேலண்டர் தாள்களை மடித்து நூல் போட்டு ஆல்பம் செய்து அதில் ஒட்டினார்கள். ஒரு நாள் நான் ரிசப்ஷன் துடைக்கும்போது அங்கே இருந்த பெரிய செடியின் ஒரு பக்கம் மொட்டையாக இருந்தது. செடியைத் திருப்பி மொட்டைப் பக்கத்தைச் சுவருக்குக் காட்டி வைத்தேன்.

ஏழாம் நம்பர் சாயங்காலம் ஆல்பத்தை வாங்கிப் புரட்டினார். ஒரு இலையில் நகத்தால் தட்டிப் பார்த்தார்.

"பாப்பா, இது பிளாஸ்டிக்கு."

"தெரியும் மாமா. அது மட்டுந்தான் வாடல."

ஏழாம் நம்பரைப் பற்றிச் சொல்ல வேண்டும். மாதக் கணக்கில் தங்குகிறவர். எதையும் நகத்தால் தட்டி, காதைப் பக்கத்தில் கொண்டு போவார். டைல்ஸ் நல்லதா, உள்ளே வெடிப்பா என்று அப்படித்தான் பார்ப்பார்களாம். கை பழகிப்போய் மேஜை, கதவு, தர்பூசணி, எல்லாவற்றையும் தட்டுவார். தினமும் காலையில் இட்லியைத் தட்டுவார்.

"கேளுங்கண்ணே. டொக்குங்குது. எங்க ஊர்ல இட்லிய தட்டுல வச்சா நடுங்கும். இது நிக்குது."

"எங்க ஊர் இட்லி அப்படித்தான் சார். ஸ்ட்ராங்," என்பார் மானேஜர்.

"இதுல ஒரு ஹால் பூராப் பதிக்கலாம்ணே."

இது தினம் நடக்கும். ஒரு நாள் மகள் பயந்துபோய் மானேஜரிடம் கேட்டாள், இது கம்ப்ளெயிண்டா என்று.

"அது கம்ப்ளெயிண்ட் அல்ல மோளே. அது மதுரை," என்றார் மானேஜர்.

இன்னொன்று, அவருடைய சோப்பு. அறைக்கு ஒரு சோப்பு, தீர்ந்தால்தான் அடுத்தது. அது ஓனர் சட்டம். மற்ற அறைக்காரர்கள் ஒரு நாள், இரண்டு நாள் குளித்துவிட்டு பாதி சோப்பை விட்டுவிட்டுப் போவார்கள். ஏழாம் நம்பர் விடமாட்டார். அதைத் தாள் மாதிரி ஆகும்வரை தேய்த்துவிட்டு, என்னிடம் வந்து அடுத்ததைக் கேட்பார். நான் தீர்ந்துவிட்டதா என்று பார்த்துவிட்டுத்தான் கொடுப்பேன். சட்டம் சட்டம்தான்.

விட்டுப்போகும் பாதி சோப்புகளை ஒரு வாளியில் போட்டு வைத்திருந்தேன். படி கழுவ ஆகும். மகள் ஒரு நாள் அந்த வாளிக்குப் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்துவிட்டாள்.

"அப்பா, இது வீணாப் போற சாதனந்தானே?"

"வீணாப் போகல. படி கழுவ..."

"பாதி எங்களுக்கு."

இப்படித்தான் சோப்பு ஆரம்பித்தது. இரண்டு பேரும் மாடியில் உட்கார்ந்து சோப்பைத் துருவினார்கள். சேச்சி தேங்காய்த் துருவியைத் தொட விடவில்லை. பழைய கேரட் துருவி ஒன்றைக் கொடுத்தாள். அடுப்பு அவள் வேலை. பெரிய பாத்திரத்தில் வெந்நீர், அதற்குள் சின்னப் பாத்திரம், அதில் சோப்புத் தூள், கொஞ்சம் தண்ணீர். களி மாதிரி இளகி வந்தது. அதை ஊற்றி எடுக்க அச்சு வேண்டும். சேச்சி பரணில் இருந்து பழைய இட்லித் தட்டை எடுத்துத் தந்தாள். கால் வளைந்து, பானைக்குள் இறங்காததால் ஒதுக்கி வைத்தது. மகள் இட்லிக்குப் போடுவது போலவே ஈரத்துணி போட்டுக் கரண்டியால் ஊற்றினாள். துணி போட்டால்தான் ஒட்டாமல் வரும் என்று அவளுக்கு அம்மாவைப் பார்த்துத் தெரியும்.

மறுநாள் தட்டைக் கவிழ்த்தார்கள். நானும் பார்த்தேன். நல்ல வெள்ளை. நடுவில் உப்பல். அடியில் துணியின் நெசவுகூட அப்படியே விழுந்திருந்தது. சேச்சி செய்யும் இட்லியை விட இட்லியாக இருந்தது. அதை நான் வெளியே சொல்லவில்லை.

பச்சை சோப்பு கொஞ்சம் இருந்தது. அதைக் குழைத்து ஒரு குட்டிக் கிண்ணத்தில் விட்டார்கள்.

"இது என்ன?"

"சட்னி," என்றாள் சேச்சி மகள். "இட்லி மாத்திரம் எங்ஙனெ கொடுக்கும்?"

மகளுக்கு வெறி பிடித்துவிட்டது. காலையில் நான் அறை திறக்கப் போனால் பின்னாலேயே வருவாள். "நாலாம் நம்பர் காலி ஆச்சா? சோப்பு எவ்ளோ இருக்கு?" எல்லாரையும் விட அவளுக்கு ஏழாம் நம்பர் மேல்தான் எரிச்சல். "அந்த மாமா ஒரு துண்டுகூட மிச்சம் வைக்க மாட்டேங்காரு."

இட்லிகள் மாடியில் வாழையிலை மேல் காய்ந்தன. ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் மழை பிடித்தது. இரண்டு பேரும் ஓடிப்போய் எல்லாவற்றையும் எவர்சில்வர் தட்டில் அள்ளி வந்தார்கள். எங்கே வைப்பது? சமையலறை அலமாரி மேல் வைக்கச் சொன்னாள் சேச்சி. எறும்பு வராமல் இலை போட்டு மூடினார்கள். பக்கத்திலேயே சட்னிக் கிண்ணம்.

மறுநாள் சனிக்கிழமை. சனிக்கிழமை ஓனர் வருவார். அன்றைக்கு மானேஜருக்குக் கை கால் ஓடாது. ஓனர் வரும் முன் மெஸ் காலியாகி, மேஜை துடைத்திருக்க வேண்டும். ஏழாம் நம்பர் சீக்கிரமே வந்து உட்கார்ந்துவிட்டார். அடுப்பில் இட்லி வேகிறது. சேச்சி தேங்காய்க்குப் போயிருக்கிறாள். மானேஜர் சமையலறைக்குள் போனார். இலை போட்டு மூடிய தட்டைப் பார்த்தார். சேச்சி எடுத்து வைத்துவிட்டாள் என்று நினைத்து, சட்னிக் கிண்ணத்தையும் சேர்த்து எடுத்து வந்தார்.

இப்போது மெஸ்ஸுக்கு வருகிறேன்.

நான் உள்ளே போகும்போது மானேஜர் சாம்பார் ஊற்றியாகிவிட்டது. ஏழாம் நம்பர் வழக்கம்போல் நகத்தால் தட்டினார். காதைக் கொண்டுபோனார். திரும்பவும் தட்டினார்.

"என்னண்ணே, இன்னைக்குச் சத்தமே வரல!"

மானேஜர் நெஞ்சை நிமிர்த்தினார். "ஸ்பெஷல், சார்."

"மணமா வேற இருக்கு. என்ன மணம் இது?"

"நெய்," என்றார் மானேஜர். மூக்கு வேலை செய்யாதவர்.

சாம்பார் ஓரத்தில் குட்டிக் குட்டியாக நுரை கட்டிக்கொண்டிருந்தது. ஏழாம் நம்பர் அதையும் பார்த்தார்.

"பொங்குதே."

"பிரெஷ்ஷு, சார்."

சேச்சி மகள் ஜக்கை மேஜையில் வைத்துவிட்டு என் மகளின் கையைப் பிடித்தாள். "மிண்டாதெ," என்றாள். பேசாதே என்று. "சொன்னா உன்னை பஸ் ஏத்தும்." மெதுவாகத்தான் சொன்னாள். எனக்குக் கேட்டது.

மகள் என்னைப் பார்த்தாள். நான் சமையலறை அலமாரியைப் பார்த்தேன். வாழையிலை மட்டும் தனியாகக் கிடந்தது. அப்போதுதான் எனக்குப் பிடிபட்டது.

ஏழாம் நம்பர் ஒரு ஓரத்தைப் பிய்க்கப் பார்த்தார். வரவில்லை. முழுசாகத் தூக்கி வாய்க்குக் கொண்டுபோனார்.

"மாமா! அதையும் திங்காதீங்க!"

கத்தியது என் மகள். அவர் பல் பதித்தாயிற்று. இட்லியை மெதுவாக வாயில் இருந்து எடுத்தார். பல் வரிசை அச்சாக விழுந்திருந்தது.

"என்ன பாப்பா இது?"

"சோப்பு, மாமா. என் புராஜெக்ட்டு."

அவர் கிண்ணத்தைப் பார்த்தார்.

"சட்னி?"

"அதுவும்."

"சாம்பார்?"

"அது சாம்பாருதான் சார்," என்றார் மானேஜர் அவசரமாக.

ஏழாம் நம்பர் எழுந்து போய் வாய் கொப்பளித்தார். நுரை வந்தது. திரும்பக் கொப்பளித்தார். திரும்பவும் நுரை. எழுந்த வேகத்தில் சாம்பார் சட்டையில் கொட்டியிருந்தது. நேராக அறைக்குப் போய்விட்டார். யாருக்கும் சிரிப்பு வரவில்லை.

சேச்சி தேங்காயோடு உள்ளே வந்தாள். தட்டைப் பார்த்தாள். தலையில் கை வைத்தாள்.

"அய்யோ! யாரு இத எடுத்து வச்சது?"

மானேஜர் சுவர்க் கேலண்டரில் தேதி பார்த்துக்கொண்டிருந்தார்.

மகளைக் காணோம். போய்ப் பார்த்தால், தன் பையை மாட்டிக்கொண்டு ரிசப்ஷன் படியில் உட்கார்ந்திருந்தாள். இலை ஆல்பம் சேச்சி மகள் மடியில் இருந்தது. "நீயே வச்சுக்கோ. அத்த வீட்டுல ஒரிஜினல் இலையே உண்டு," என்று கொடுத்துவிட்டாளாம். சேச்சி மகள் அழுதுகொண்டிருந்தாள். என் மகள் அழவில்லை.

"எத்தன மணிக்கு பஸ், அங்கிள்?" என்று மானேஜரைக் கேட்டாள்.

மானேஜர் தும்மினார். என்னைத் தனியாக இழுத்துக்கொண்டு போனார். "அண்ணா, வச்சது நான். ஓனர் அறிஞ்சா என் ஜோலி போகும். கெஸ்ட் சொன்னா நான் என்ன செய்யும்?"

மகளுக்குப் பக்கத்தில் போய் நின்றேன்.

"நீ கத்தினது நல்ல காரியந்தான்," என்றேன்.

"நீங்க வேலையப் பாருங்க," என்றாள்.

அந்த 'நீங்க' மாடியில் வேலை செய்யும்போதும் காதில் இருந்தது. ரிசப்ஷன் தெரிகிற வராந்தாவையே திரும்பத் திரும்பத் துடைத்தேன்.

ஏழாம் நம்பர் சட்டை மாற்றிக்கொண்டு கீழே இறங்கவும் ஓனர் கார் வந்து நிற்கவும் சரியாக இருந்தது. நானும் துடைக்கும் துணியோடு கீழே வந்துவிட்டேன். ஓனர் எந்த கெஸ்டைப் பார்த்தாலும் ஒரே கேள்விதான் கேட்பார். கேட்டார்.

"ஏதாவது கம்ப்ளெயிண்ட் உண்டா, சாரே?"

ஏழாம் நம்பர் மானேஜரைப் பார்த்தார். மானேஜர் கும்பிடுவது போல் மூக்கைத் துடைத்தார். படியில் பையோடு உட்கார்ந்திருந்த மகளையும் ஏழாம் நம்பர் பார்த்தார்.

"பாப்பா எங்க கிளம்பிட்ட?"

"நாகர்கோவில். கம்ப்ளெயிண்ட் வந்தா போகணும்."

ஓனர் கண்ணில் அப்போதுதான் அவள் பட்டாள். "இது யாரோட குட்டி?"

"நம்ம ரூம் அண்ணனோட மோளு," என்றார் மானேஜர். குரல் உள்ளே போய்விட்டது. "வெக்கேஷன்..."

"இது உங்களுக்கு சல்லியமா, சாரே?" தொந்தரவா என்று கேட்டார்.

"இந்தப் புள்ளயா?" என்றார் ஏழாம் நம்பர். "இட்லி திங்கிற மாதிரி இல்லன்னு இந்த லாட்ஜ்ல உண்மையச் சொன்ன ஒரே ஆளு இதுதாங்க."

ஓனர் சிரித்தார். மானேஜரும் சிரித்தார், கொஞ்சம் கூடுதலாகவே.

"ஆனா ஒரு கம்ப்ளெயிண்ட் இருக்கு," என்றார் ஏழாம் நம்பர்.

மகள் எழுந்து நின்றாள். பை வாரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"சோப்பு பத்த மாட்டேங்குது. இத்தூண்டு சோப்பு. தீந்தாத்தான் அடுத்ததுன்னு இந்தண்ணன் பிடிவாதமா நிக்கிறாரு. ரெண்டு வச்சா என்னவாம்?"

ஓனர் என்னைப் பார்த்தார். "ரெண்டு வை. எல்லா ரூமிலும் வை."

"சரி."

"குட்டி மாடியில இருக்கட்டே. மெஸ்ஸுல வேண்டா." அவ்வளவு சொல்லிவிட்டுக் கல்லாவுக்குப் போனார்.

மகள் அங்கேயே நின்றாள். அவளுக்குக் கணக்கு புரிய கொஞ்ச நேரம் ஆனது. அறைக்கு இரண்டு சோப்பு என்றால் மிச்சம் எவ்வளவு விழும் என்று. புரிந்ததும் பையை அங்கேயே போட்டுவிட்டு மாடிக்கு ஓடினாள். பின்னாலேயே சேச்சி மகள், ஆல்பத்தோடு.

ஏழாம் நம்பர் வாசலில் செருப்பு மாட்டினார். "மானேஜரண்ணே, அந்த இட்லில நாலு எனக்கு வேணும். ஊருக்குப் போறேன். மச்சான் வந்திருக்காரு."

அன்றைக்கு வேலை முடிந்து எங்கள் பஸ்ஸில் ஏறிய மனைவியிடம் எல்லாவற்றையும் மகள் சொன்னாள். கேட்டு முடித்ததும் மனைவி அவள் தலையில் ஒரு தட்டு தட்டினாள். "சவமே, ஆளக் கொல்லப் பாத்தியே." பிறகு கரமனை வந்து இறங்கும் வரை முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

ஏழாம் நம்பர் ஊருக்குப் போய்த் திரும்பி வந்ததும் முதலில் மாடிக்குத்தான் போனார். என்ன ஆனது என்று இரண்டு பேரும் கேட்டார்கள். மச்சான் ஒரு வாய் வைத்தாராம். கொஞ்ச நேரம் யோசித்தாராம். சட்னி இல்லையா என்று கேட்டாராம்.

மானேஜர் இப்போது எந்தத் தட்டை எடுத்தாலும் என்னைக் கூப்பிடுகிறார். "அண்ணா, ஒண்ணு மணத்து நோக்கு." மோந்து பார்த்துச் சொல்கிறேன். ஏழாம் நம்பர் இன்னும் தட்டிப் பார்க்கிறார். டொக் என்று கேட்டால், "ஆங், இட்லிதான்," என்று சொல்லிச் சாப்பிடுகிறார். இட்லியைப் பற்றி வேறு பேச்சு இல்லை.

மே முழுக்க சோப்பு விழுந்தது. வகுப்பில் இருபத்தெட்டுப் பேருக்கும் ஆளுக்கு ஒன்று, டீச்சருக்கு ஒன்று என்று மகள் முடிவு செய்துவிட்டாள். சேச்சி மகள் தன் பங்கைத் தனியாக எடுத்துக்கொண்டாள். பல் பதிந்ததை யாருக்கும் தருவதில்லை என்று மகள் எங்கள் வீட்டு ஜன்னலில் வைத்தாள். எவ்வளவு கழுவியும் அதில் சாம்பார் மணம் போகவில்லை.

பள்ளி திறந்த அன்று நல்ல மழை. பையில் தண்ணீர் இறங்காமல் இருக்க, மனைவி கடையில் இருந்து கொண்டு வந்த பிளாஸ்டிக் கவரில் இட்லிகளை அடுக்கினோம். மகள் யூனிபார்ம் போட்டுக்கொண்டே கத்தினாள்.

"அப்பா, நீ எண்ணு. குறையக் கூடாது."

எண்ணினேன்.

இருபத்தொன்பது.